யமுனை மேல் ஏன் ஒரு பழைய கல்பாலம் கூட இல்லை?

கேள்வி கேட்டவர் திருநெல்வேலிக்காரர். வேலைக்காக டெல்லி வந்து ஜங்புராவில் குடியிருக்கிறார். அவர் கேட்டதன் சாரம் இது: எங்கள் ஊரில் தாமிரபரணி மேல் 1843-லேயே வளைவு வளைவாகப் பாலம் கட்டிவிட்டார்கள், இன்றும் அதில் பஸ் ஓடுகிறது. டெல்லி அதைவிட எத்தனையோ பழைய ஊர், சுல்தான்களும் பாதுஷாக்களும் இருந்த ஊர். யமுனை மேல் மட்டும் ஏன் ஒரு பழைய கல்பாலம் கூட இல்லை? வீட்டுக்குப் பக்கத்தில் பாராபுல்லா என்று ஒரு பழைய பாலம் நிற்கிறது, அடியில் சாக்கடைதான் ஓடுகிறது. ஒருகாலத்தில் யமுனையே அங்கே ஓடியதா? பாரா என்றால் பன்னிரண்டு, அப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள், வளைவுகளை எண்ணினால் பதினொரு கண்தான் வருகிறது. ஒன்று இடிந்துவிட்டதா?

மூன்று கேள்விகள் போலத் தெரிந்தாலும் உண்மையில் கேட்டிருப்பது ஒன்றுதான்: இவ்வளவு பெரிய ஆற்றங்கரை நகரம் தன் ஆற்றை ஏன் கல்லால் கடக்கவில்லை? நான் பாலக் கட்டுமானத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அஸ்திவாரம், மண், வெள்ளம் பற்றிச் சொல்வதைத் தொழில் அனுபவத்தோடு சொல்கிறேன். வரலாறு நான் படித்துத் தெரிந்துகொண்டது. அதில் அறிஞர்களே ஒத்துப்போகாத இடங்கள் உண்டு, வரும்போது சொல்கிறேன்.

எளிய கேள்வியை முதலில் முடித்துவிடலாம். பாராபுல்லாவில் எதுவும் இடியவில்லை. பதினொரு கண் இருந்தால் இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தூண்கள் பன்னிரண்டு வரும், பெயர் தூண்களை எண்ணி வந்தது. லோதி தோட்டத்தில் உள்ள அட்புலாவும் அப்படியே, எட்டுத் தூண், ஏழு கண். நம் தென்காசிக்குப் பக்கத்துச் செங்கோட்டை வட்டாரத்தில் பதிமூணு கண் பாலம் என்று கண்ணை எண்ணித்தான் சொல்வோம், அதனால் நமக்குக் கணக்கு இடிக்கிறது.

இனி பெரிய கேள்வி. உங்கள் ஊர்ப் பாலத்திலிருந்தே தொடங்குகிறேன். கலெக்டர் ஆபீஸில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டிய பாலம் அது. நீளம் சுமார் 760 அடி. அறுபது அடி அகலத்தில் பதினொரு கண். அப்படியானால் 660 அடி தண்ணீர் போக வழி, மீதி நூறு அடிதான் தூண்கள். அந்தக் காலத்துக்கு மிகத் துணிச்சலான கணக்கு. இது சாத்தியமானதற்குப் பெரிய காரணம் தாமிரபரணியின் படுகை. அந்தப் பகுதியில் ஆற்றுக்குள்ளேயே பாறை தெரிகிறது. கொஞ்சம் மேலே குறுக்குத்துறையில் முருகன் கோயில் ஆற்றின் நடுவிலேயே நிற்கிறதே, ஒவ்வொரு பெருவெள்ளத்திலும் மூழ்கி, வெள்ளம் வடிந்ததும் அப்படியே எழுகிறதே, அது பாறையின் தயவு. அப்படிப்பட்ட ஆற்றிலேயே 1869 வெள்ளம் பாலத்தின் ஒரு பகுதியைக் கொண்டுபோனது, பிறகு திருப்பிக் கட்டினார்கள்.

டெல்லியில் யமுனைப் படுகையில் இருப்பது மணல். இமயமலையிலிருந்து பல்லாயிரம் ஆண்டுகளாக அடித்துவந்து கொட்டிய மணலும் வண்டலும். ரிட்ஜ் எனப்படும் ஆரவல்லிப் பாறைத் தொடரின் வால் வடக்கே வஜிராபாத்தில் ஆற்றைத் தொடுகிறது. அந்த இடத்தை விட்டு நகரின் எதிரே வந்துவிட்டால் ஆற்றுக்குள் கைக்கெட்டும் ஆழத்தில் பாறை கிடையாது. மணல் என்றாலே கட்ட முடியாது என்று இல்லை. அசையாமல் அழுத்தி வைத்தால் மணல் நல்ல பாரம் தாங்கும். சிக்கல் வெள்ளக் காலத்தில்தான். தண்ணீர் மேலே ஏற ஏற, அடியில் மணல் கிளம்பிப் படுகை கீழே இறங்கும். தூணைச் சுற்றித் தண்ணீர் சுழல்வதால் அங்கே பள்ளம் இன்னும் ஆழமாகப் பறிக்கும், பல மீட்டர் போய்விடும். வெள்ளம் வடியும்போது மணல் வந்து பள்ளத்தை மூடிவிடும். கோடையில் போய்ப் பார்க்கிறவருக்கு எதுவுமே நடக்காதது போல இருக்கும். தூண் கவிழ்ந்த பிறகுதான் தெரியும். பாலங்கள் விழுவதற்கு உலகம் முழுக்க முதல் காரணங்களில் ஒன்று இந்த அரிப்பு.

கல் வளைவுக்கு இது மற்ற பாலங்களைவிடப் பெரிய ஆபத்து. வளைவு தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, இரண்டு பக்கமும் தள்ளும். ஒரு தூணை இடப்பக்க வளைவு வலது பக்கம் தள்ளும், வலப்பக்க வளைவு இடது பக்கம் தள்ளும். இரண்டும் சரிக்குச் சரியாக இருப்பதால் தூண் நிமிர்ந்து நிற்கிறது. ஒரு வளைவு போனால் பக்கத்துத் தூணுக்கு ஒரு பக்கத் தள்ளல் மட்டும் மிஞ்சும். அது சாய்ந்தால் அடுத்தது. தூண் விழ வேண்டும் என்றுகூட இல்லை, ஒரு பக்கமாகக் கொஞ்சம் அமுங்கினாலே வளைவு விரிசல் விடும். இரும்பு கர்டர், அதாவது உத்தரம், அப்படி இல்லை. தூண் தலையில் சும்மா உட்கார்ந்திருக்கும். தூண் ஓர் அங்குலம் இறங்கினால் ஜாக்கி வைத்துத் தூக்கி அடியில் தகடு செருகிவிடலாம். கல் வளைவை அப்படிச் செய்ய முடியாது.

அடுத்து அகலம். உங்கள் பாலத்துக்கு 760 அடி போதும். யமுனை மேல் டெல்லியில் முதலில் வந்த நிரந்தரப் பாலம், எல்லோரும் லோஹே கா புல் என்று சொல்லும் பழைய இரும்புப் பாலம். 1866-ல் ஈஸ்ட் இந்தியன் ரயில்வே கட்டியது. மேலே ரயில், அடியில் ரோடு. அதில் 202.5 அடியில் பன்னிரண்டு கண். கண்களை மட்டும் கூட்டினால் 2430 அடி, நெல்லைப் பாலத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். ஆறு கரையோடு கரையாக ஒழுங்காகப் போகிற இடத்தில், கோட்டைச் சுவர் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் இடத்தில், இந்த நீளம் தேவைப்பட்டது. மற்ற இடங்களில் வெள்ளச் சமவெளி கிலோமீட்டர் கணக்கில் விரியும்.

அந்த ஆறு ஓரிடத்தில் நிற்பதும் இல்லை. 1648-ல் செங்கோட்டை முடிந்தபோது யமுனை அதன் கிழக்குச் சுவரை ஒட்டி ஓடியது. இன்று அந்த இடத்தில் ரிங் ரோடு ஓடுகிறது. ஹுமாயூன் கல்லறையும் ஆற்றங்கரையில் கட்டியதுதான், இப்போது அதன் பின்பக்கம் ரயில் தண்டவாளம். இவ்வளவு செலவழித்துப் பாலம் கட்டி, அறுபது ஆண்டு கழித்து ஆறு பக்கத்து வயலில் ஓடினால் பாலத்தை வைத்து என்ன செய்வது? ஆனால் ஆறு போய்விட்டது என்றும் நினைத்துவிடக் கூடாது. 2023 ஜூலை 13 அன்று இரும்புப் பாலத்தில் நீர்மட்டம் 208.66 மீட்டருக்குப் போனது, அபாய அளவு 205.33. 1978-ல் வந்த 207.49 மீட்டர் சாதனை முறிந்தது. பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள், ரிங் ரோட்டில் தண்ணீர் நின்றது. அந்த இரண்டு நாளும் செங்கோட்டை மறுபடி ஆற்றங்கரைக் கோட்டையாக இருந்தது.

அப்படியானால் பழைய காலத்தில் எப்படிக் கடந்தார்கள்? படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகையும் மண்ணும் போட்ட படகுப் பாலம். மழைக்காலம் வந்தால் அவிழ்த்துவிட்டு ஓடத்தில் போவார்கள், வடிந்ததும் மறுபடி கட்டுவார்கள். பிரயாக்ராஜில் மேளா நடக்கும்போது இன்றும் மிதவைப் பாலம் போடுகிறார்களே, அதே முறை. 1857 மே 11 காலை மீரட்டிலிருந்து வந்த சிப்பாய்கள் டெல்லிக்குள் நுழைந்தது கோட்டைக்குப் பக்கத்தில் இருந்த படகுப் பாலம் வழியாகத்தான். இதைக் கல்பாலம் கட்டத் தெரியாததால் செய்த ஏற்பாடு என்று சிலர் எழுதுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. இடம் மாறுகிற ஆற்றுக்கு, இடம் மாற்றிக் கட்டக்கூடிய பாலம். ஒரு பொறியாளராக எனக்கு இது நல்ல விடையாகவே தெரிகிறது.

கட்டத் தெரியாமல் இல்லை என்பதற்கு ஜான்பூர் சாட்சி. அக்பர் காலத்தில், 1560-களில், முனிம் கான் கோமதி ஆற்றின் மேல் கட்டிய கல்பாலம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. 1934 பூகம்பத்தில் ஏழு வளைவுகள் சேதமாகி, மறுபடி கட்டினார்கள். ஆற்று மணலில் அஸ்திவாரம் இறக்கவும் முகலாயர்களுக்குத் தெரியும். ஆக்ராவில் தாஜ்மஹாலின் ஆற்றுப் பக்கம் முழுக்கக் கிணறு கிணறாக இறக்கி, உள்ளே கல்லும் காரையும் நிரப்பி, அதன் மேல்தான் கட்டியிருக்கிறார்கள். நம் ஊர் உறைகிணறு மாதிரிதான் இதுவும்: வட்டச் சுவரைத் தரை மேல் கட்டி, உள்ளே இருக்கும் மணலை அள்ள அள்ள அது தன் பாரத்திலேயே இறங்கும், மேலே மேலே கட்டிக்கொண்டே போகலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்வே இன்ஜினியர்கள் வட இந்திய ஆறுகளில் பாலம் போட்டபோது இந்த ஊர் முறையைத்தான் எடுத்துக்கொண்டு பெரிதாக்கினார்கள்.

பிறகு ஏன் டெல்லியில் முயலவில்லை? இங்கே என் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தாஜ்மஹாலின் கிணறுகள் கரையில் இருக்கின்றன. அங்கே ஆண்டில் பல மாதம் உலர்ந்த தரையில் நின்று வேலை செய்யலாம், வெள்ளத்தின் முழு வேகமும் அதன் மேல் படாது. ஓடும் ஆற்றின் நடுவில், அரிப்புப் பள்ளத்துக்கும் கீழே போகும் அளவு கிணறு இறக்குவது வேறு வேலை. நீராவி இயந்திரமும் இரும்பும் வந்த பிறகுதான் அது வழக்கமான காரியம் ஆனது. இன்னொன்று, ராஜ்யத்தின் முக்கியச் சாலையான ஆக்ரா, டெல்லி, லாகூர் வழி டெல்லியில் ஆற்றைக் கடக்காமல் மேற்குக் கரையிலேயே போக முடிந்தது. பெரும் செலவு செய்து கடக்க வேண்டிய அவசரம் இல்லை. ஆறு கோட்டைக்கு அகழியாகவும் இருந்தது என்பதையும் சிலர் காரணமாகச் சொல்வார்கள். அது எனக்கு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை, படகுப் பாலம் கோட்டை வாசலிலேயே இருந்ததே.

மேற்குக் கரைச் சாலை யமுனையைக் கடக்க வேண்டாம், ஆனால் யமுனையில் வந்து விழும் நாலாக்களை, அதாவது ஓடைகளை, கடந்தாக வேண்டும். டெல்லியின் பழைய கல்பாலங்கள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ரிட்ஜ் பாறையிலிருந்து இறங்கும் மழைநீர் தெற்கு டெல்லி வழியாகக் கிழக்கே ஓடி ஆற்றில் சேரும். முகமது பின் துக்ளக் (1325–51) தன் நகரான ஜஹான்பனாவின் மதிலை ஒட்டி, இன்றைய கிர்க்கி கிராமத்தருகில், சத்புலாவைக் கட்டினார். அது பாலம் என்பதைவிட அணை, மதகுக் கதவு ஏற்றி இறக்கும் ஏழு வாய் உண்டு. அவருக்கு அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா காலத்தில் வஜிராபாத்தில் ஷா ஆலம் தர்கா பக்கத்தில் ஒரு பாலம். 2018-ல் திறந்த சிக்னேச்சர் பிரிட்ஜ் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான், ஆனால் அதைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒருவர் கூட இந்தப் பக்கம் திரும்புவதில்லை என்று நினைக்கிறேன். அட்புலா அக்பர் காலத்தது. சலீம்கட் கோட்டை ஆற்றுக்குள் தீவு போல இருந்ததால், இடையில் ஓடிய கிளையைக் கடக்க ஜஹாங்கீர் காலத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். ரயில் வந்தபோது அதை இடித்துவிட்டார்கள். யமுனையின் தண்ணீர் மேல் நின்ற பழைய கல்பாலம் என்று டெல்லியில் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றால் அதைத்தான் சொல்ல முடியும், அதுவும் கிளைக்கால்வாய்தான்.

இப்போது உங்கள் பாராபுல்லா. கட்டியவர் மிஹ்ர் பானு ஆகா, ஜஹாங்கீர் அரண்மனையில் விதை நீக்கிய ஆண் பணியாளர்கள் (குவாஜாசரா) பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். இதில் எல்லோரும் ஒத்துப்போகிறார்கள். ஆண்டுதான் சண்டை. பாலத்தில் இருந்த கல்வெட்டு இப்போது இல்லை. அதைப் படித்தவர்கள் சொன்னதாகச் சில நூல்கள் 1612 என்கின்றன, சில 1621 என்கின்றன. ஆனால் 1611 தொடக்கத்தில் ஆக்ராவிலிருந்து லாகூர் போன ஆங்கில வணிகர் வில்லியம் ஃபின்ச், டெல்லிக்குக் கொஞ்சம் முன்னால் யமுனையின் ஒரு கிளை மேல் பதினொரு வளைவுள்ள கல்பாலம் இருந்தது என்றும், அங்கிருந்து ஹுமாயூன் கல்லறைக்குப் பெரிய மரங்கள் நிழல் தரும் அகலமான சாலை போனது என்றும் எழுதிவைத்திருக்கிறார். பதினொரு கண், ஹுமாயூன் கல்லறைக்கு நேர்வழி, இது வேறு பாலமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அப்படியானால் கல்வெட்டு ஆண்டு வேலை முழுதாக முடிந்ததையோ பிறகு செய்த திருப்பணியையோ குறித்திருக்கலாம். இது என் அபிப்பிராயம் மட்டுமே. எப்படிப் பார்த்தாலும் நானூறு ஆண்டுக்குக் குறையாது.

ஃபின்ச் அதை யமுனையின் கிளை என்றது உங்கள் இன்னொரு கேள்விக்குப் பாதி பதில். யமுனையின் முக்கிய ஓட்டம் அதன் அடியில் ஓடவில்லை, அளவே அதைச் சொல்லிவிடும். பாலத்தின் மொத்த நீளம் சுமார் 195 மீட்டர், அதில் ஒவ்வொரு கண்ணும் உங்கள் ஊர்ப் பாலத்தின் கண்ணைவிட மிகக் குறுகியது. இரண்டிலும் பதினொன்று என்பது தற்செயல். தடித்த தூண், சிறு வளைவு, அதுவும் நுனி கூரான வளைவு. கூர் வளைவு பக்கவாட்டில் கொஞ்சம் குறைவாகத் தள்ளும், அதனால் பாதுகாப்பு, ஆனால் தண்ணீருக்கு வழி குறைவு. யமுனைக்கு அப்படிக் கட்டியிருந்தால் முதல் பெருவெள்ளத்தில் அணை போலத் தடுத்து, தானும் போயிருக்கும். பிறகு ஒரு நாலாவுக்கு எதற்கு இவ்வளவு பெரிய பாலம் என்றால், இது ஆற்றுக்கு அருகில் நாலா முடியும் இடம். யமுனை ஏறினால் தண்ணீர் நாலாவுக்குள் பின்வாங்கி ஏறும். மேலிருந்து மழைநீரும் வந்தால் இரண்டும் சந்தித்து அந்த இடம் குளமாக விரியும். அந்த நிலையில் ஃபின்ச் போன்ற வழிப்போக்கருக்கு அது யமுனையின் கிளையாகத்தான் தெரிந்திருக்கும். கட்டியவர்கள் ஓடும் தண்ணீருக்காக அல்ல, தேங்கி நிற்கும் தண்ணீருக்காக நீளத்தைத் தீர்மானித்திருக்கலாம். பாலத்தின் மேல் தூணுக்குத் தூண் ஆள் உயர மினார் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அழகுக்கு, ஆனால் ராத்திரி வெள்ளத்தில் பாதையின் ஓரம் எது என்று காட்டவும் உதவியிருக்கும்.

இன்றைய சாக்கடைக்கு வருவோம். டெல்லியில் நாலா என்றால் சாக்கடை என்றே ஆகிவிட்டது. மழைநீர் வடியும் ஓடைகளில் கழிவுநீரைத் திருப்பிவிட்டதால் வந்த வினை. 2010-ல் காமன்வெல்த் போட்டிக்காக அந்த நாலாவின் மேலேயே பறக்கும் சாலை போட்டு, பாலத்தின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்று டாக்சிக்காரரிடம் பாராபுல்லா என்றால் ஃப்ளைஓவருக்குத்தான் போவார். கீழே பழைய பாலத்தின் மேல் பல ஆண்டுகள் காய்கறிக் கடைகள் இருந்தன. அண்மையில் கடைகளை எடுத்துவிட்டுச் சீரமைப்பு தொடங்கியிருக்கிறார்கள். அதே நாலாக் கரையில் இருந்த மதராசி கேம்ப் பற்றி டெல்லித் தமிழர் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் புதிதாக வந்தவர் என்பதால் சொல்கிறேன்: தலைமுறைகளாக அங்கே இருந்து ஜங்புரா, போகல், நிஜாமுதீன் வீடுகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்களின் சுமார் 370 வீடுகள், உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டன. தகுதி உண்டு என்று முடிவானவர்களுக்கு நகரின் வடகோடியில் நரேலாவில் ஃபிளாட், மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நாலாவை அடைத்ததால் வெள்ளம் வருகிறது என்பது காரணம். நாலாவைக் குறுக்கினால் மேலே தண்ணீர் ஏறும் என்பது உண்மைதான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் அதே நாலாவில் ஃப்ளைஓவரின் தூண்களும் வரிசையாக நிற்கின்றன, மேலே நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதும் சிமெண்டும் தாருமாக ஆகி முன்பு மண்ணில் இறங்கிய மழை எல்லாம் ஒரு மணி நேரத்தில் ஓடி வருகிறது. வெள்ளத்துக்குக் கணக்குப் போட்டால் இவை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் போட வேண்டும். வீடுகள் மட்டும் கண்ணில் பட்டது பொறியியல் முடிவு இல்லை.

நேரில் பார்க்க விரும்பினால் ஒரு யோசனை. முதலில் அட்புலாவுக்குப் போங்கள், லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளியிலிருந்து நடந்துவிடும் தூரம்தான். அங்கே கீழே தண்ணீர் சுத்தம், தூணின் அமைப்பை நிதானமாகப் பார்க்கலாம். பாலம் நேர்கோட்டில் இல்லாமல் லேசாக வளைந்திருப்பதையும் கவனியுங்கள். அதைப் பார்த்துப் பழகிய கண்ணோடு பாராபுல்லாவுக்கு வந்தால் வண்டலுக்கு மேல் என்ன தெரிகிறது, எவ்வளவு உள்ளே புதைந்திருக்கிறது என்று நீங்களே மதிப்பிடலாம். சத்புலாவுக்கு மழைக்கு முன் போவது நல்லது, பிறகு புதர் மண்டிவிடும். இரும்புப் பாலத்துக்கு மட்டும் மழைக்காலத்தில் போங்கள், ஆகஸ்டில், தண்ணீர் ஏறியிருக்கும்போது. தூணைச் சுற்றி நீர் சுழல்வதைப் பார்த்தால் நான் மேலே அரிப்பு பற்றி எழுதிய பத்தியைப் படிக்கவே வேண்டாம்.